120 மிமீ ஃபுல் சஸ்பென்ஷன் எக்ஸ்சி சைக்கிள்: கேட்டதுக்கெல்லாம் பதில்

என்கிட்ட இருக்கிறது ஸ்காட் ஸ்பார்க் ஆர்சி, கார்பன் ஃப்ரேம், 29 இன்ச் வீல், எக்ஸ்சி (க்ராஸ் கன்ட்ரி, காட்டுப்பாதை ரேஸ்) ரகம். ஃபுல் சஸ்பென்ஷன்னா முன்னாடி ஃபோர்க், பின்னாடி ஷாக்னு ரெண்டு பக்கமும் அதிர்ச்சிய தாங்குற அமைப்பு, ரெண்டுமே 120 மிமீ வரைக்கும் அமுங்கும் (இதத்தான் ட்ராவல்னு சொல்லுவாங்க). ஓட்டுறது பெங்களூரு சுத்தி செம்மண் பாதை, பாறை, நந்தி மலை, லீவு கெடைச்சா கோத்தகிரி எஸ்டேட் பக்கம். என் எடை 72 கிலோ, அதையும் மனசுல வச்சுட்டு படிங்க.

கேள்வி: ப்ரோ ஹார்ட்டெயில்ல (முன்னாடி மட்டும் சஸ்பென்ஷன் இருக்கிற சைக்கிள்) இருந்து மாறினதும் என்ன வித்தியாசம்? இடுப்பு வலி போயிருச்சா?

இடுப்பு வலிக்காக வாங்குறதா இருந்தா நல்ல சீட்டும் அகல டயரும் போட்டாலே பாதி போயிரும், காசு மிச்சம். இது வேகத்துக்கான சமாச்சாரம். ஹார்ட்டெயில்ல வேரு, கல்லு வந்தா சீட்ட விட்டு எந்திரிக்கணும், எந்திரிச்சா பின் டயர் மேல பாரம் கொறையும், சரளைல சக்கரம் சும்மா சுத்தும். இதுல உக்காந்தபடியே மிதிச்சுட்டு போயிடலாம், பின் டயர் தரைய விடாது. முதல் ஒரு மணி நேரம் பெருசா எதுவும் தெரியாது, மூணாவது மணி நேரத்துல கால்ல இன்னும் தெம்பு இருக்கும்பாருங்க, அங்க தான் காசு வேலை செய்யுது.

கேள்வி: மேட்டுல ஏறும்போது ஊஞ்சல் மாதிரி ஆடாதா அண்ணே?

சஸ்பென்ஷன முழுசா தொறந்த ஓப்பன் நிலைல வச்சு எந்திரிச்சு மிதிச்சா ஆடும், இல்லேன்னு சொல்ல மாட்டேன். அதுக்குத்தான் ட்வின்லாக்னு ஒரு லீவர் செட் இடது கைப்பிடில இருக்கு, ஒரே அமுக்குல ஃபோர்க்கும் ஷாக்கும் சேர்ந்து மாறும். மூணு நிலை: ஓப்பன், ட்ராக்‌ஷன், லாக்கவுட். நடுவுல இருக்கிற ட்ராக்‌ஷன் தான் என் ஃபேவரிட், அதுல ஷாக்குக்குள்ள காத்துக்கான இடம் சுருங்குறதால ஸ்ப்ரிங் இறுகும், பின்னாடி ட்ராவல் 120ல இருந்து 80 ஆகும், வண்டி கொஞ்சம் உசந்து நிக்கும், செங்குத்தான ஏத்தத்துல முன் சக்கரம் தூக்காம போகும். லாக்கவுட்ல சஸ்பென்ஷன் பூட்டிக்கும், அது தார் ரோடுக்கு மட்டும். ஒரே ஒரு தொல்லை, ஓட்டிட்டே சீட்ட எறக்கி ஏத்துற ட்ராப்பர் சீட்போஸ்ட் லீவரும் அதே பக்கம் தான், கட்டை விரலுக்கு மொத்தம் மூணு லீவர், பழகுற வரைக்கும் சீட்ட எறக்கப் போய் ஷாக்க லாக் பண்ணுவீங்க.

கேள்வி: ரேஸ்காரங்க எல்லாம் லேசான ஹார்ட்டெயில் தானே ஓட்டுறாங்க?

அது பழைய கதை தம்பி. 2012 லண்டன் ஒலிம்பிக் மவுண்டன் பைக் ரேஸ்லயே செக் நாட்டு யாரோஸ்லாவ் குல்ஹாவி ஸ்பெஷலைஸ்டு கம்பெனியோட ஃபுல் சஸ்பென்ஷன் எபிக்ல தான் தங்கம் அடிச்சாரு, ஒரே ஒரு செகண்ட் பின்னாடி வெள்ளி வாங்கின சுவிஸ் வீரர் நினோ ஷுர்ட்டர் அன்னைக்கு ஓட்டினது ஹார்ட்டெயில். அதே நினோ 2016 ரியோல ஸ்பார்க்ல தங்கம் வாங்கினாரு. அந்த ஒரு செகண்டுக்கு சைக்கிள் தான் காரணம்னு நான் சொல்ல வரல, கடைசி வளைவு வரைக்கும் மாறி மாறி போன ரேஸ் அது. ஆனா ட்ராக்ல பாறை, ஜம்ப் எல்லாம் கூடிக்கிட்டே போக, ஹெட் ஆங்கிள் (முன் ஃபோர்க் சாஞ்சிருக்கிற கோணம்) 70 டிகிரி பக்கத்துல இருந்து 67 பக்கம் எறங்கிருச்சு, ட்ராவல் 100 மிமீல இருந்து 120 ஆச்சு, எடைக்கு அஞ்சுன காலம் போச்சு. இன்னொரு விஷயம், எபிக்ல ரொம்ப வருஷமா ப்ரெயின்னு ஒரு வால்வு இருந்துச்சு, தரையில அடி விழுந்தா தானா தொறக்கும், லீவரே வேணாம். 2024ல வந்த எபிக் 8ல அதையே எடுத்துட்டாங்க. எனக்கும் கையில லீவர் இருக்கிறது தான் புடிக்கும், எப்ப தொறக்கணும்னு நான் முடிவு பண்ணனும்.

கேள்வி: ஷாக் ஃப்ரேமுக்குள்ள ஒளிஞ்சு கிடக்கே, காத்து எப்படி அடிக்கிறது?

பாட்டம் ப்ராக்கெட் (பெடல் அச்சு இருக்கிற இடம்) பக்கத்துல அடியில ஒரு மூடி இருக்கு, தொறந்தா வால்வு. சைக்கிள கவுத்துப் போட்டா சுலபம். சேக் (நீங்க ஏறி உக்காந்ததும் ஷாக் எவ்வளவு அமுங்குதுங்கிறது) பாக்க வெளிய பிவட் (பின் சஸ்பென்ஷன் மடங்குற மூட்டு) கிட்டயே காட்டி இருக்கு, ஷாக்ல ஓ-ரிங்க (ரப்பர் வளையம்) தேட வேண்டியதில்ல. 20ல இருந்து 25 சதவீதம் சேக் வைங்க, நான் 25 பக்கம். பம்பு அடிச்சுட்டு நாலஞ்சு தடவ அமுக்கி விட்டுட்டு திரும்ப அளந்து பாருங்க, அப்பத்தான் உள்ள ரெண்டு அறையிலயும் காத்து சமமாகும். ஷாக் பம்ப் தனியா வாங்குங்க, பஞ்சர் கடை பம்பு ஆகாது.

கேள்வி: அண்ணா நான் 50 கிலோ தான், உயரம் 5 அடி 2. கடைல ஓட்டிப் பாத்தேன், கட்டை மாதிரி இருந்துச்சு.

கடைல யாரோ 80 கிலோ ஆளுக்கு காத்து அடிச்சு வச்சிருப்பாங்கம்மா. முதல்ல ப்ரெஷர கொறைங்க, அதோட ரீபவுண்ட் (அமுங்கின ஷாக் திரும்ப நிமிர்ற வேகம்) குமிழ வேகமா இருக்கிற பக்கம் திருப்புங்க. இத பலபேர் விட்டுடுறாங்க, காத்து கம்மியா இருந்தா ரீபவுண்டும் தொறந்து இருக்கணும், இல்லேன்னா அடுத்தடுத்து கல்லு வரும்போது ஷாக் நிமிர நேரம் கெடைக்காம அமுங்கியே கிடக்கும், அதுவும் கட்டை மாதிரி தான் தெரியும். டயர் ட்யூப்லெஸ்ஸா இருந்தா 2.4 இன்ச்சுக்கு உங்க எடைக்கு 18, 19 பிஎஸ்ஐ முயற்சி பண்ணுங்க, நான் 22. அளவு ஸ்மால் எடுத்தா ரெண்டாவது பாட்டில் உள்ள நுழையுதான்னு கைல பாட்டிலோட போய் பாத்துக்குங்க.

கேள்வி: மெயின்டனன்ஸ் சொத்த எழுதி வாங்குமா?

ஹார்ட்டெயில விட கூட தான். பிவட் பேரிங், ஷாக் ஏர் கேன் (காத்து அறை) சர்வீஸ், ஃபோர்க் லோயர் (ஃபோர்க்கோட கீழ்ப்பகுதி) சர்வீஸ் எல்லாம் சேரும், ஃபோர்க்குக்கு 50 மணி நேரம்னு பொதுவா சொல்லுவாங்க, மழைக்காலத்துல செம்மண் சேத்துல ஓட்டினா அதுக்கும் முன்னாடியே. வாட்டர் சர்வீஸ் கடைல ப்ரெஷர் கன்ன பேரிங் பக்கம் காட்ட விடாதீங்க, கிரீஸ் எல்லாம் வெளிய வந்துரும். கேபிள் எல்லாம் ஹெட்செட் (ஹேண்டில் திரும்புற பேரிங் பகுதி) வழியா உள்ள போற டிசைன், இப்ப நெறைய பிராண்டுல இதான், பாக்க அழகு, ஆனா மேல் பேரிங் மாத்தணும்னா பெரும்பாலும் ப்ரேக் ஹோஸ கழட்டி திரும்ப ப்ளீட் (உள்ள நுழைஞ்ச காத்த வெளியேத்துறது) பண்ணணும். ஊர்ல அத செய்யத் தெரிஞ்ச மெக்கானிக் இருக்காரான்னு விசாரிச்சுட்டு அப்புறம் காசு கட்டுங்க.

கேள்வி: ஆபீஸ் போக, ஞாயித்துக்கிழமை கொஞ்சம் மண் ரோடு. வாங்கலாமா?

வேணாம் ப்ரோ. ஹார்ட்டெயில் இல்லேன்னா கிராவல் (மண் ரோடுலயும் ஓட்டுற, வளைஞ்ச ஹேண்டில் சைக்கிள்) எடுங்க.

கேள்வி: மூணடி டிராப் குதிக்கலாமா?

லேண்டிங் சரிவா இருந்தா போகலாம், சீட்ட முழுசா எறக்கிட்டு, ஓப்பன் மோடுல. சமதளத்துல டொப்புன்னு விழுற மாதிரி தினமும் குதிக்கப் போறீங்கன்னா 140, 150 மிமீ ட்ரெயில் சைக்கிள் பாருங்க, அதுல ரிம்முலருந்து ஃபோர்க் வரைக்கும் எல்லாமே தடிமன்.