ஐந்து மணி நேரத் தூக்கத்தில் தெளிவுக் கனவு வருமா?

கேள்வி: வயது 24, கோவையில் தனியார் நிறுவனத்தில் வேலை. இரவு பன்னிரண்டரைக்குப் படுத்து, காலை ஐந்தரைக்கு எழுந்தால்தான் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க முடியும். இடையில் நாலு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, மறுபடி படுத்து லூசிட் ட்ரீமுக்கு முயற்சி செய்கிறேன். இரண்டு மாதத்தில் ஒரே ஒரு முறை, அதுவும் சில நொடிகள்தான் வந்தது. பகலில் தலை கனக்கிறது. இன்னும் வலுவான உத்தி ஏதாவது உண்டா?

பதில்: உத்தியை மாற்ற வேண்டாம் தம்பி. முதலில் அந்த நாலு மணி அலாரத்தை எடுத்துவிடுங்கள்.

கனவில் இருக்கும்போதே "இது கனவு" என்று தெரிவதுதான் தெளிவுக் கனவு, நீங்கள் சொல்லும் லூசிட் ட்ரீம். அது கட்டுக்கதை இல்லை. 1975-இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில், கனவு கண்டுகொண்டிருந்த ஒருவர் முன்பே பேசிவைத்தபடி கண்களை இடமும் வலமும் அசைத்து வெளியே சைகை கொடுத்தார். கருவியிலும் அது பதிவானது. உங்கள் ஆசையில் தவறே இல்லை. சிக்கல் நேரக் கணக்கில் இருக்கிறது.

ஒரு இரவுத் தூக்கம் ஏறக்குறைய தொண்ணூறு நிமிடச் சுற்றுகளாகப் போகும். முன்னிரவுச் சுற்றுகளில் ஆழ்ந்த தூக்கம் அதிகம். கனவு நிறைந்த தூக்கம், அதாவது மூடிய இமைக்குள் கண் வேகமாக அசையும் 'ரெம்' தூக்கம், முதல் சுற்றில் சில நிமிடங்கள்தான் இருக்கும். விடியற்காலையில் அதுவே அரை மணி, சில சமயம் அதற்கு மேலும் நீளும். தெளிவுக் கனவு பெரும்பாலும் அந்த நீண்ட கடைசிச் சுற்றுகளில்தான் வருகிறது. ஏழரை மணி நேரம் தூங்க வேண்டியவர் ஐந்து மணி நேரத்தோடு எழுந்தால், போனது மூன்றில் ஒரு பங்கு தூக்கம்தானே என்று தோன்றும். கனவுத் தூக்கத்தை மட்டும் எடுத்துப் பார்த்தால் போனது அதைவிடப் பெரிய பங்கு. எந்த நேரத்தில் கனவு வர வேண்டுமோ, அந்த நேரத்தில் நீங்கள் பஸ்ஸில் இருக்கிறீர்கள்.

நீங்கள் செய்யும் 'எழுந்து, திரும்பப் படுக்கும்' முறை, ஐந்து மணி நேரம் தூங்கி முடித்து, இன்னும் இரண்டு மணி நேரமாவது கையில் இருப்பவர்களுக்கு உரியது. உங்களுக்கோ படுத்த மூன்றரை மணி நேரத்திலேயே அலாரம் அடிக்கிறது. அதன்பிறகு மிஞ்சுவது ஒரு மணிச் சொச்சம்.

அப்புறம், இந்த முறைக்கு உயிர்நாடியே ஞாபகம்தான். "அடுத்த கனவில், இது கனவு என்று எனக்கு ஞாபகம் வரும்" என்று சொல்லிக்கொண்டே, கடைசியாகக் கண்ட கனவை மனதில் ஓட்டியபடி தூங்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் நடந்து 2017-இல் வெளியான ஆய்வில், இதைச் சொல்லி முடித்து ஐந்து நிமிடத்துக்குள் தூங்கியவர்களுக்குக் கிட்டத்தட்ட பாதி முயற்சிகள் பலித்தன. "எனக்குத்தான் படுத்தவுடன் தூக்கம் வருகிறதே" என்பீர்கள். பல நாள் தூக்கம் குறைந்து, தூக்கக் கடன் சேர்ந்தவர் அந்த வாசகத்தை ஒழுங்காக ஒருமுறை சொல்லி முடிப்பதற்குள் அசந்துவிடுவார். மனதில் எதுவும் பதிந்திருக்காது.

தூக்கம் குறைந்தால் கனவு பளிச்சென்று வரும் என்றும் சிலர் சொல்வார்கள். பாதி உண்மை. பல நாள் இழந்த கனவுத் தூக்கத்தை உடல் பிறகு ஈடுகட்டும். அன்றைக்குக் கனவுகள் கொட்டும். ஆனால் பளிச்சென்ற கனவு வேறு, அதற்குள் விழித்திருப்பது வேறு.

சரி, என்ன செய்யலாம்? இரண்டு வாரத்துக்கு எந்த முயற்சியும் வேண்டாம். பத்து, பத்தேகாலுக்குப் படுத்துவிடுங்கள். காலையில் கண் விழித்ததும் அசையாமல் அப்படியே கிடந்து, கனவின் நுனி எதையாவது பிடித்து இழுத்துப் பாருங்கள், பிறகு எழுதுங்கள். என்னிடம் வந்த ஓர் இளைஞர் இப்படி எழுதிய நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். முதல் பக்கங்களில் "படிக்கட்டு... தண்ணி... யாரோ" என்று மூன்று வார்த்தை, அதுவும் கோடு தாண்டிச் சரிந்த கையெழுத்து. ஏழு மணி நேரம் தூங்க ஆரம்பித்த மூன்றாவது வாரத்தில் ஒரு முழுப் பக்கம்: பாட்டி வீட்டுக் கேட், அதில் உரிந்த பச்சை பெயின்ட், தாழ்ப்பாளை இழுக்கும் சத்தம். எனக்கு அந்த நோட்டைத் திருப்பிக் கொடுக்கவே மனம் வரவில்லை. இப்படி ஞாபகம் நிற்கத் தொடங்கினால், பாதி வேலை முடிந்த மாதிரி.

அதன்பிறகு வாரம் ஒருமுறை, மறுநாள் லீவு உள்ள இரவில் மட்டும் அலாரம் வையுங்கள். பத்தரைக்குப் படுத்தால் நாலு மணிக்கு அலாரம். மங்கலான வெளிச்சம், போனைத் தொடக் கூடாது, பத்து நிமிடம் போதும். பிறகு ஏழு மணி வரை தாராளமாகத் தூங்குங்கள்.

இப்படித் தூக்கத்தைத் துண்டாக்கும்போது சிலருக்கு, விழிப்பு வந்தும் கை கால் அசையாமல், நெஞ்சில் யாரோ உட்கார்ந்த மாதிரி இருக்கும். ஊரில் அமுக்குவான் பேய் என்பது இதைத்தான். கனவுத் தூக்கத்தில் தசைகள் தளர்ந்து கிடக்கும் நிலை விழிப்பிலும் சற்று நீடிப்பதுதான் காரணம். பெரும்பாலும் சில நொடியில், அல்லது சில நிமிடத்தில் தானே விலகும். தூக்கம் குறைந்தவர்களுக்கு இது கூடுதலாக வரும். பயம் பிடித்துக்கொண்டால் முயற்சியை நிறுத்திவிடுங்கள். கனவுக்கென்று இணையத்தில் விற்கும் மாத்திரை எதையும் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். எது கனவு, எது நிஜம் என்று பகலிலேயே குழம்புபவர்களும், மனநோய்க்குச் சிகிச்சை எடுத்தவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம்.

தலை கனக்கும் நாட்களில் பைக்கை எடுக்காதீர்கள். இரண்டு வாரம் ஏழு மணி நேரம் தூங்கியும் பகலில் கண் சொக்கினால், அல்லது நீங்கள் பலமாகக் குறட்டை விடுவதாக அறைத் தோழர்கள் சொன்னால், கனவை ஒத்திவைத்துவிட்டு ஒரு தூக்க மருத்துவரைப் பாருங்கள்.