கலைந்துபோகும் கிளஸ்டர்கள் – கடிதம்

வணக்கம் அண்ணா,

நான் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்தவள். இப்போது களுவாஞ்சிகுடியில் வீட்டிலிருந்தபடியே ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்கு வேலை செய்கிறேன். பல கணினிகளில் பகிர்ந்து ஓடும் தரவுத்தளம் ஒன்றின் வேகத்தைத் தினமும் சோதிக்கும் பொறுப்பை என்னிடம் தந்திருக்கிறார்கள். இரவில் டெராபார்ம் என்ற, கோப்பில் எழுதியபடி இயந்திரங்களை எழுப்பித் தரும் கருவி கொண்டு, கணினிகளை வாடகைக்குத் தரும் அமேசான் கிளவுடின் மும்பை மையத்தில் மூன்று நோட் கிளஸ்டர் (ஒன்றாக இயங்கும் மூன்று கணினிகள்) ஒன்றை எழுப்புவேன். தரவுத்தளங்களின் வேகத்தை அளக்கும் ஒய்சிஎஸ்பி கருவியால் 20 நிமிடம் சுமை கொடுத்து (கேள்விகளை விடாமல் அனுப்பி), வரும் எண்ணைக் குறித்துக்கொண்டு, எல்லாவற்றையும் அழித்துவிடுவேன். தரவுத்தள மென்பொருளின் ஒரு வரிகூட மாறாத அதே பதிப்பு ஒரு நாள் வேகமாகவும் மறுநாள் 12 சதவீதம் மெதுவாகவும் வருகிறது. "எந்த மாற்றம் கெடுத்தது?" என்று மேலாளர் கேட்கிறார். என்ன சொல்வதென்று தெரியவில்லை. போதாக்குறைக்கு, போன மாதம் மழைக்கு மின்சாரம் போய், என் மடிக்கணினியில் ஓடிய ஸ்கிரிப்ட் நடுவில் நின்றது. கிளஸ்டர் சனி, ஞாயிறு முழுக்க ஓடிப் பில் ஏறிவிட்டது. பேசாமல் மூன்று பழைய கணினிகளை வாங்கி வீட்டிலேயே சோதித்தால் என்ன? என் பெயரை வெளியிட வேண்டாம்.

– ஒரு வாசகி, களுவாஞ்சிகுடி

அன்புள்ள தங்கைக்கு,

மேலாளரின் கேள்விக்கு இப்போது பதில் தேடாதீர்கள். அந்தக் கேள்வியைத் தாங்கும் வலு உங்கள் எண்களுக்கு இன்னும் வரவில்லை. ஒரே நெல் மூட்டையை இரண்டு தரம் நிறுத்து இரண்டு எடை வந்தால், சம்மாந்துறையில் எந்த வேளாண்மைக்காரரும் நெல்லைச் சந்தேகிக்கமாட்டார், தராசைத்தான் சந்தேகிப்பார்.

ஆகவே சில நாட்களுக்குப் புதிய பதிப்புகளை ஓரமாக வையுங்கள். ஒரே பதிப்பை எடுத்து, ஒவ்வொரு தரமும் புதிய கிளஸ்டர் எழுப்பி, அதே சோதனையைத் திரும்பத் திரும்ப ஓட்டுங்கள். இன்னொரு பக்கம், ஒரே கிளஸ்டரை அழிக்காமல் வைத்து அதிலும் பல தரம் ஓட்டுங்கள். ஒரே கிளஸ்டருக்குள் எண்கள் ஒட்டிநின்று, கிளஸ்டர் மாறும்போது மட்டும் சிதறினால், கோளாறு உங்களுக்குக் கிடைக்கும் இயந்திரங்களிலோ அவை அமரும் இடத்திலோ இருக்கிறது. உள்ளேயே சிதறினால் சோதனை முறையே சரியில்லை. தானியக்கத்தின் பெரிய பலன் இதுதான் என்பது என் எண்ணம். கையால் செய்கிறவர் இவ்வளவு தரம் ஓட்டமாட்டார், அலுத்துவிடும். ஸ்கிரிப்டுக்கு அலுப்பில்லை. உங்களுடையது இரவில் ஒரு தரம் ஓடிவிட்டுத் தூங்கப் போய்விடுகிறது.

அடுத்து டிஸ்க்கைப் பாருங்கள். எந்த வகை என்று நீங்கள் எழுதவில்லை. அமேசான் தரும் டிஸ்க் வகைகளில் ஜிபி2 (gp2) என்பதாக இருந்தால் கணக்கு இப்படிப் போகும்: ஒரு கிகாபைட்டுக்கு நொடிக்கு 3 வாசிப்பு அல்லது எழுத்து என்பதுதான் அதன் நிலையான வேகம். 100 கிகாபைட் டிஸ்க்குக்கு அது 300. ஆனால் புதிதாகப் பிறக்கும் ஒவ்வொரு ஜிபி2 டிஸ்க்குக்கும் 54 இலட்சம் செயல்களுக்கான ஒரு கையிருப்புத் தரப்படுகிறது. அது தீரும்வரை நொடிக்கு 3000 வரை ஓடலாம். முழு வேகத்தில் ஓடினால் நொடிக்கு 2700 வீதம் கையிருப்புக் கரையும், அதாவது சுமார் 33 நிமிடம் தாங்கும். உங்கள் சோதனையோ 20 நிமிடம். இரவுக்கு இரவு புதுக் கிளஸ்டர், புது டிஸ்க், நிறைந்த கையிருப்பு. வாடிக்கையாளரின் தரவுத்தளம் மாதக்கணக்கில் ஓடும்போது காணும் வேகத்தை உங்கள் கிளஸ்டர் ஒருநாளும் காணாது. ஜிபி3 வகையில் இந்தக் கையிருப்பு விளையாட்டு இல்லை, அடிப்படையே 3000. வேகத்துக்கு முன்கூட்டியே பணம் கட்டி ஒதுக்கிக்கொள்ளும் வகைகளும் உண்டு. மொங்கோடிபி என்ற தரவுத்தள நிறுவனத்தின் பொறியாளர்கள் அமேசானில் தங்கள் சோதனைகளின் சிதறலைக் குறைக்கப் பாடுபட்டபோது, இயந்திரத்தோடு ஒட்டிய எஸ்எஸ்டி டிஸ்க்தான் நிலையாக இருக்கும் என்ற ஊகம் பொய்த்தது. வலையமைப்பு வழியே வரும், வேகம் ஒதுக்கப்பட்ட டிஸ்க்கே நிலையாக நின்றது.

தரவு ஏற்றும் நேரத்தை மிச்சம் பிடிக்க ஸ்னாப்ஷாட்டிலிருந்து (முன்பு எடுத்துவைத்த டிஸ்க் நகலிலிருந்து) டிஸ்க்கை உருவாக்குகிறீர்களா? அப்படியானால் ஒவ்வொரு பகுதியும் முதன்முதல் தொடப்படும்போதுதான் பின்னணிச் சேமிப்பிலிருந்து இறங்கும். முதல் வாசிப்புகள் நொண்டும். சோதனைக்கு முன் டிஸ்க் முழுவதையும் ஒரு தரம் வாசித்துவிடுங்கள்.

இயந்திர வகையின் பெயர் ஒன்றாக இருந்தால் உள்ளே இருப்பதும் ஒன்று என்று நம்பிவிடாதீர்கள். அமேசானின் எம்4 வகையில் ஹாஸ்வெல், ப்ராட்வெல் என்ற இரண்டு தலைமுறை ப்ராசஸர்களில் எதுவும் வரலாம். டி வகை இயந்திரங்கள் சோதனைக்கு வேண்டவே வேண்டாம், அவற்றின் சிபியுவும் கையிருப்பில் ஓடுவதுதான். சுமை கொடுக்கும் இயந்திரம் கிளஸ்டருக்குப் பக்கத்திலேயே தனியாக இருக்கட்டும். அதன் சிபியுவையும் கவனியுங்கள். அது மூச்சுத் திணறினால் நீங்கள் அளப்பது தரவுத்தளத்தை அல்ல.

ஒய்சிஎஸ்பி யாஹூ ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட கருவி. இன்றும் பலர் அதை எடுத்த எடுப்பில் அப்படியே ஓட்டுகிறார்கள். அதோடு வரும் மாதிரிக் கோப்பில் பதிவுகளின் எண்ணிக்கை 1000, பதிவு ஒன்று சுமார் ஒரு கிலோபைட். மொத்தம் ஒரு மெகாபைட்! மூன்று நோட் எதற்கு, ஒரு கைப்பேசி போதும். தரவு நினைவகத்தைவிடப் பெரிதாக இருக்கவேண்டும். கசாண்ட்ரா போல எழுதியதைப் பின்னர் ஒன்றுசேர்த்து அடுக்கும் தரவுத்தளமென்றால், அந்த அடுக்கும் வேலை தொடங்கி ஒரு நிலைக்கு வரும்வரை சோதனை நீளவேண்டும். 20 நிமிடம் பெரும்பாலும் போதாது.

எல்லாவற்றையும்விட எனக்கு எரிச்சலூட்டுவது, சராசரியும் பி99-உம் (நூற்றுக்கு 99 கேள்விகளுக்கு எவ்வளவு நேரத்துக்குள் பதில் வருகிறது என்ற அளவு) நன்றாக இருக்கின்றன என்று அறிக்கை எழுதி எல்லோரும் நிம்மதியாக இருப்பது. ஓர் எடுத்துக்காட்டு. சுமை கொடுப்பவர் நொடிக்கு 1000 கேள்வி வீதம் 50 நொடி கேட்கத் திட்டமிடுகிறார். ஒவ்வொன்றுக்கும் ஒரு மில்லிநொடியில் பதில் வருகிறது. நடுவில் தரவுத்தளம் ஒரு நொடி உறைந்துவிடுகிறது. பதில் வந்த பிறகே அடுத்த கேள்வி என்று இருக்கும் கருவி, அந்த ஒரு நொடியில் ஒரே ஒரு கேள்வியோடு காத்து நிற்கும். பதிவாவது ஒரே ஒரு தாமதம். 49,000 கேள்விகளில் ஒன்று என்பதால் பி99 ஒரு மில்லிநொடி என்றே வரும். உண்மையான பயனர்கள் காத்து நிற்கமாட்டார்கள், அந்த நொடியிலும் ஆயிரம் பேர் வந்திருப்பார்கள். தேங்கியவை மறுகணமே தீர்ந்தன என்று வைத்தாலும், 50,000-இல் இரண்டு சதவீதம் பேர் ஒரு நொடிக்குள் ஏதோ ஒரு நேரம் காத்திருக்கிறார்கள். பி99 சுமார் அரை நொடி. ஒரே உறைவுக்கு ஒரு மில்லிநொடி என்றும் அரை நொடி என்றும் இரண்டு அறிக்கை எழுதலாம். மென்பொருள் பொறியாளர் கில் டெனே பல வருடங்களாக இதைச் சொல்லி வருகிறார். ஒய்சிஎஸ்பியில் இலக்கு வேகத்தைக் குறித்து, 'இன்டென்டட்' அளவீட்டை இயக்கினால், கேள்வி புறப்பட்டிருக்க வேண்டிய நேரத்திலிருந்து தாமதத்தை எண்ணும். இன்றே இயக்குங்கள்.

இவ்வளவும் செய்த பின்னரும் சிறிது சிதறல் மிஞ்சும். நேற்றைய எண்ணோடு இன்றைய எண்ணை ஒப்பிட்டு 5 சதவீதம் தாண்டினால் மணியடிப்பது என்ற முறை, பொய் மணியாக அடித்தே ஆளைச் செவிடாக்கும். மொங்கோடிபியில் இதைக் கைவிட்டு, எண்களின் முழுத் தொடரையும் பார்த்து எங்கே மட்டம் மாறியது என்று கண்டுபிடிக்கும் முறைக்குப் போனார்கள். 2020-இல் அதை ஆய்வுக் கட்டுரையாகவும் வெளியிட்டார்கள். டேட்டாஸ்டாக்ஸ் நிறுவனம் உருவாக்கிய ஹன்டர் என்ற திறந்த மூலக் கருவியும் அதே வழிதான். மாற்றம் நுழைந்து சில ஓட்டங்கள் கழிந்த பிறகே அது பிடிபடும். உங்கள் மேலாளருக்கு அந்தப் பொறுமை வேண்டும்.

பில் விஷயம். மும்பையில் ஓடும் கிளஸ்டரின் உயிர் களுவாஞ்சிகுடி மின்சாரத்தில் தொங்கக்கூடாது. மாரி மழையை நம்பி எதையும் ஓட்டமுடியாது என்பது உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. ஸ்கிரிப்டை ஒரு சிறிய கிளவுட் இயந்திரத்திலோ, நிறுவனத்தின் தானியங்கிச் சேவையிலோ ஓடவிடுங்கள். அதையும் நம்பாதீர்கள். ஒவ்வொரு நோடும் பிறக்கும்போதே, மூன்று மணி நேரத்தில் தன்னை நிறுத்திக்கொள்ளும் கட்டளையோடு பிறக்கட்டும். உள்ளிருந்து நிறுத்தினால் இயந்திரம் அழியவேண்டும் என்ற அமைப்பையும் மாற்றிவையுங்கள், இயல்பில் அது வெறுமனே நின்றுதான் இருக்கும். கூடுதலாகப் பூட்டிய டிஸ்க்குகளுக்கு, 'இயந்திரத்தோடு சேர்த்து அழி' என்பதைத் தனியே குறிக்கவேண்டும். இல்லாவிட்டால் அநாதையாகக் கிடந்து வாடகை கேட்கும். மூன்று நோடும் மூன்று வலயங்களில் (மும்பை மையத்துக்குள்ளேயே தனித்தனி இடங்களில்) இருந்தால், அவை தமக்குள் தரவின் பிரதிகளைப் பரிமாறும் ஒவ்வொரு கிகாபைட்டுக்கும் காசு போகிறது என்பதையும் பில்லில் தேடிப் பாருங்கள்.

அழிப்பதற்கு முன் லொக் கோப்புகள், தாமத ஹிஸ்டோகிராம்கள் (எத்தனை கேள்விக்கு எவ்வளவு தாமதம் என்ற பரவல் கணக்கு), ப்ராசஸர் விவரம், வலயம், கர்னல் பதிப்பு, அமைப்புக் கோப்புகள் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடுங்கள். மறுநாள் சந்தேகம் வந்தால் திரும்பிப் பார்க்க இயந்திரம் இருக்காது.

பழைய கணினிகள்? சொந்த இயந்திரத்தில் சோதிப்பது கேலிக்குரியதல்ல, அதே இயந்திரத்தைப் பங்குபோடும் பக்கத்து வீட்டுக்காரன் யாரென்று தெரியாத கிளவுடைவிட அது நிலையானது. ஆனால் அதற்குக் குளிரூட்டிய அறையும் தடையில்லாத மின்சாரமும் வேண்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஓட்டு வீட்டு அறையில் ப்ராசஸர் சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மத்தியானத்துக்கு ஒரு எண், நடுச்சாமத்துக்கு ஒரு எண் என்று மறுபடி அதே இடத்துக்கு வருவீர்கள். வேகம் அளக்க வாங்காதீர்கள். ஒரு நோடின் வலைக் கேபிளைப் பிடுங்கினால் மற்ற இரண்டும் என்ன செய்கின்றன என்று பக்கத்தில் இருந்து பார்க்க ஆசையென்றால் வாங்குங்கள், அதற்குப் பழையவை தாராளமாகப் போதும்.