ஈறைக் கவனித்தால் சர்க்கரை இறங்குமா?

கேள்வி: எனக்குச் சர்க்கரை வந்து பல வருஷம் ஆகிறது, டாக்டர். பல் தேய்த்தால் ரத்தம் வருகிறது. கீழ்ப்பல் இரண்டு லேசாக ஆடுகிறது. க்ளீன் பண்ணினால் எல்லாப் பல்லும் ஆடிவிடும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார். ஈற்றுக்கு வைத்தியம் பார்த்தால் சர்க்கரையும் குறையும் என்று மகள் போனில் படித்துச் சொல்கிறாள். யார் பேச்சைக் கேட்பது?
வாசகி, காசிமேடு

பதில்: மகள் பேச்சைக் கேளுங்கள், அம்மா.

சர்க்கரை இருப்பவர்களுக்கு ஈறு சீக்கிரம் கெடும் என்பது வெகு நாளாகத் தெரிந்ததுதான். ஈறு கெட்டால் சர்க்கரையும் ஏறும் என்பது பிற்பாடுதான் ஆய்வுகளில் தெளிவானது. ஈற்றுக்கும் பல்லுக்கும் நடுவே ஒரு பள்ளம் விழுந்து, அதில் கிருமி குடியேறுகிறது. பள்ளத்தின் உட்பக்கம் முழுக்கப் புண். வெளியே தெரியாது, பெரும்பாலும் வலிக்கவும் வலிக்காது. ஈறு நோய் உள்ளவர்களுக்கு இந்தப் புண்ணை எல்லாம் சேர்த்து அளந்தால் 8 முதல் 20 சதுர சென்டிமீட்டர் வரை வரும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அவ்வளவு பெரிய புண் காலில் இருந்தால் அன்றைக்கே ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பீர்கள். வாயில் இருப்பதால் வருஷக்கணக்கில் விட்டுவிடுகிறோம். அதை எதிர்த்து உடம்பு ஓயாமல் சுரக்கும் பொருட்கள் ரத்தத்தில் கலந்து இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடுவதில்லை.

2022-ல் காக்ரேன் அமைப்பு இது பற்றிய 35 ஆய்வுகளை ஒன்றாக வைத்து அலசியது. ஈற்றுக்கு அடியில் சுத்தம் செய்துகொண்டவர்களுக்கு மூன்று நான்கு மாதத்தில் ஹெச்பிஏ1சி, அதாவது மூன்று மாத சர்க்கரைக் கணக்கு, சராசரியாக 0.43 இறங்கியிருந்தது. 8.4 இருந்தவர் 8-க்கு வந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை டாக்டரைக் கேட்டுப் பாருங்கள், அந்த அளவு இறக்குவது எவ்வளவு பாடு என்று சொல்வார். அதற்காக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். மாத்திரையோடு சேர்த்துத்தான் இந்தப் பலன்.

அப்புறம் அந்த அக்கா சொன்னது. படகின் அடியில் கொட்டலசு ஒட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்களே, பல் காரையும் அப்படித்தான் ஈற்றுக்கு அடியில் பிடித்துக்கொள்கிறது. பிரஷ் அங்கே போகாது, சுரண்டித்தான் எடுக்க வேண்டும். காரையில் தங்கும் கிருமியால் உள்ளே எலும்பு கரைந்துவிடும். எலும்பு போன பல்லைக் காரையே சிமென்ட் வைத்தது போலப் பிடித்து வைத்திருக்கும். அதை எடுத்ததும் ஆட்டம் தெரிகிறது, பழி க்ளீனிங் மேல் விழுகிறது. இந்த ஒரு பயத்தால் வண்ணாரப்பேட்டையிலும் ராயபுரத்திலும் நாற்பது வயதில் பல்லைப் பறிகொடுத்தவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். பிடுங்கியிருக்க வேண்டாத பற்கள் அவை. மனசு கேட்பதில்லை.

செலவு யோசனையாக இருந்தால் கோட்டை ஸ்டேஷன் பக்கம் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, 1953-லிருந்து நடக்கிறது. காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்கிவிடுங்கள். டிபன் சாப்பிட்டு, சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு போங்கள். ஊசி போடுவார்களோ என்று பட்டினியாக வந்து நாற்காலியில் மயங்கி விழுகிறவர்கள் உண்டு.

இன்னொன்று. சர்க்கரை டாக்டர் வாயைத் திறக்கச் சொல்வதில்லை, பல் டாக்டர் சர்க்கரை நோட்டைக் கேட்பதில்லை. இருவரையும் இணைப்பது எங்கள் பொறுப்பு, அது உங்கள் தலையில் விழுந்திருக்கிறது. ஆகவே நீங்களே இரண்டு இடத்திலும் சொல்லுங்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு மாத்திரை கொண்டுவருகிறார்களே, அவர்களிடமும் ஈற்றில் ரத்தம் வருவதைச் சொல்லுங்கள்.

கேள்வி: ஈற்றுக் கிருமி மூளைக்குப் போய் மறதி நோய் வரும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?
வாசகர், வியாசர்பாடி

பதில்: பாதிக் கதைதான் உங்களுக்கு வந்திருக்கிறது. அல்சைமர் நோயோடு இறந்தவர்களின் மூளையில் போர்பிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் என்ற ஈற்றுக் கிருமியின் தடயம் இருந்ததாக 2019-ல் ஓர் ஆய்வு வந்தது. அந்தக் கிருமியின் நச்சை அடக்கும் மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 2021-ல் வந்த முடிவில், நோய் முற்றுவதை அந்த மருந்து தடுக்கவில்லை. இரண்டும் சேர்ந்து காணப்படுகின்றன, ஒன்றால் மற்றொன்று வருகிறது என்பது நிரூபணம் ஆகவில்லை. பல் தேய்க்க உங்களுக்கு வேறு நல்ல காரணங்கள் இருக்கின்றன, இந்தப் பயம் வேண்டாம்.

கேள்வி: அப்பாவுக்குப் போன வருஷம் இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். கடைவாய்ப்பல் பிடுங்க வேண்டும். ரத்தம் நிற்காது, ஐந்து நாள் மாத்திரையை நிறுத்து என்று சொந்தக்காரர் சொல்கிறார்.
வாசகர், திருவொற்றியூர்

பதில்: நிறுத்தாதீர்கள். இந்த வாரம் இந்தப் பக்கத்தில் வேறு எதைப் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள்.

ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் இரண்டும் ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறையாமல் காக்கின்றன. பல் பிடுங்கிய குழியில் ரத்தம் கொஞ்சம் கூடுதலாகக் கசியும், அவ்வளவுதான். பஞ்சை வைத்து அழுத்தி, தேவைப்பட்டால் தையல் போட்டு நிறுத்திவிடலாம். ஸ்டென்ட் அடைத்துக்கொண்டால் மாரடைப்பு. எது பெரிய ஆபத்து என்று சொந்தக்காரரிடமே கேளுங்கள். மாத்திரை அட்டையையும் டிஸ்சார்ஜ் சீட்டையும் பையில் போட்டு எடுத்துப்போய் பல் டாக்டர் முன்னால் வையுங்கள். காலையில் பிடுங்கிக்கொள்வது நல்லது, கசிவு இருந்தால் பகலிலேயே திரும்பப் போகலாம்.

வால்வு மாற்றியவர்கள் கதை வேறு. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், அசிட்ரோம் சாப்பிடுகிறவர்கள் முதலில் ஐஎன்ஆர், அதாவது ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கும் பரிசோதனை, செய்துகொள்ள வேண்டும். பல் பிடுங்குவதற்கு முன்னால் ஆன்டிபயாட்டிக்கும் வேண்டும். ஒரு காலத்தில் இதய நோயாளிகள் பலருக்கும் அதைக் கொடுத்தோம். 2007-ல் அமெரிக்க இதய சங்கம் அதை மிக ஆபத்தான நிலையில் உள்ளவர்களுக்கு மட்டும் என்று சுருக்கியது. அந்தப் பட்டியலில் செயற்கை வால்வு உண்டு, ஸ்டென்ட் கிடையாது.

கேள்வி: அம்மா பக்கவாதம் வந்து படுக்கையில் இருக்கிறார். ஈரத்துணியால் வாயைத் துடைத்து விடுகிறேன். போதுமா?
வாசகி, கொருக்குப்பேட்டை

பதில்: போதாது, தங்கச்சி. நீங்கள் ஒரு ஆளாக எவ்வளவு பார்க்கிறீர்கள் என்று தெரிந்தேதான் சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர்களுக்குப் பல் தேய்த்து விட்டால் நிமோனியா குறைகிறதா என்று பார்த்த 15 ஆய்வுகளை 2023 கடைசியில் தொகுத்தார்கள். மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. பலன் தெளிவாகத் தெரிந்தது செயற்கை சுவாசத்தில் இருந்தவர்களிடம்தான். ஆனால் வாயில் இருக்கும் கிருமி எச்சிலோடு நுரையீரலுக்குள் இறங்குவது வீட்டில் படுத்திருப்பவர்களுக்கும் நடக்கிறது. ஒரு நாளைக்கு இரண்டு வேளை தேய்த்தால் போதும், மூன்று வேளை தேய்த்தவர்களுக்குக் கூடுதல் பலன் தெரியவில்லை.

தலைமாட்டை நன்றாக உயர்த்தி, முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்கான மெத்தென்ற சின்ன பிரஷ், அதில் துளி பேஸ்ட். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். நுரையைத் துணியால் ஒற்றி எடுங்கள். பல் செட் இருந்தால் இரவில் கழற்றிக் கழுவி, தண்ணீரில் போட்டு வையுங்கள். ஒவ்வொரு வேளை சாப்பாட்டுக்குப் பிறகும் வாதம் வந்த பக்கத்துக் கன்னத்துக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே உணர்வு குறைவாக இருப்பதால் சோறு தங்கியிருப்பது அவருக்குத் தெரியாது. சாப்பிடும்போது அடிக்கடி இருமினாலோ, சாப்பிட்ட பிறகு குரல் நீர் கோத்தது போல ஆனாலோ, அடுத்த வேளை ஊட்டுவதற்கு முன்னால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.