பணம் வங்கியிடம், பையன் யாரிடம்?

கேள்வி: ஐயா, நான் கும்பகோணத்தில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, வயது 69. கணவர் காலமாகிவிட்டார். மகனுக்கு 34 வயது. பிறவியிலேயே அறிவுசார் வளர்ச்சிக் குறைபாடு. தானாகக் குளிப்பான், சாப்பிடுவான், பணம் எண்ணத் தெரியாது. மகள் கனடாவில். சொந்த வீடும் 60 லட்சம் ரூபாய் டெபாசிட்டும் இருக்கின்றன. "எங்களிடம் டிரஸ்ட் வையுங்கள், உங்களுக்குப் பிறகு எல்லாவற்றையும் நாங்களே பார்த்துக்கொள்வோம்" என்கிறார் வங்கியின் ரிலேஷன்ஷிப் மேனேஜர். நம்பலாமா? (பெயர் வேண்டாம்.)

பதில்: டீச்சர், அவர் சொன்னதில் 'எல்லாவற்றையும்' என்ற சொல்லை மட்டும் சிவப்பு மையால் அடித்துவிடுங்கள். மீதியைப் பேசலாம்.

வங்கி டிரஸ்டியாக, அதாவது இன்னொருவருக்காகச் சொத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பாளராக, இருப்பது புதுசு இல்லை. டிரஸ்டியாகவும் உயிலை நிறைவேற்றுபவராகவும் இருந்து சொத்தை நிர்வகிக்க 1949-ஆம் வருட வங்கி ஒழுங்குமுறைச் சட்டமே இடம் தருகிறது. இப்போது பல வங்கிகள் இதற்கென்று தனி நிறுவனம் வைத்திருக்கின்றன. அதனால் பத்திரத்தில் கையெழுத்துப் போடப்போவது வங்கியா, அந்த நிறுவனமா என்று முதலில் கேளுங்கள். என் வங்கி சர்வீஸின் கடைசி ஆறு வருடம் இப்படி ஒரு பிரிவில்தான் போனது. நல்லதை மறைக்க மாட்டேன். வங்கிக்கு வயதாகாது. மச்சினன் கஷ்டப்படுகிறான் என்று டிரஸ்ட் பணத்தில் கைவைக்காது. மாதா மாதம் கணக்கு எழுதும்.

ஆனால் ஒன்று சொல்கிறேன். ஒரு டாக்டர் தன் மகளுக்காக எங்களிடம் டிரஸ்ட் வைத்திருந்தார். அவர் போன பிறகு, அந்தப் பெண் இருந்த பராமரிப்பு இல்லத்துக்கு ஐந்தாம் தேதி தவறாமல் பணம் போய்விடும். ஒருமுறை வேறு வேலையாக அந்த ஊருக்குப் போனவன் எட்டிப் பார்த்தேன். மூக்குக் கண்ணாடி உடைந்து எட்டு மாதமாம். கையால் சுவரைத் தடவித் தடவி நடந்து வந்தது. இல்லத்தில் கேட்டால், "கண்ணாடிக்கு யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை" என்றார்கள். எங்கள் ஃபைலிலோ, பில் வரவில்லை, அதனால் பணம் போகவில்லை. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அன்றைக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆக, உங்களுக்கு இரண்டு ஆள் வேண்டும். பணத்துக்கு ஒருவர், பையனுக்கு ஒருவர். இரண்டும் ஒரே கையில் இருக்கக் கூடாது.

பையனுக்கான ஆளை இப்போதே தேடுங்கள். பெற்ற தாயாக இருந்தாலும், 18 வயது தாண்டிய மகனுக்குச் சட்டப்படி கார்டியன் என்று தனியாக நியமனம் வேண்டும். இப்படிக் குறைபாடு உள்ளவர்களுக்கென்றே வந்த 1999-ஆம் வருட நேஷனல் டிரஸ்ட் சட்டத்தின் கீழ் மாவட்டக் கலெக்டர் தலைமையில் உள்ளூர்க் குழு இருக்கிறது. கோர்ட்டுக்கு அலையாமல் அங்கேயே மனுக் கொடுக்கலாம். உங்களுக்குப் பிறகு யார் என்பதையும் அந்தக் குழுவிலேயே விசாரித்து வையுங்கள். மகள் கனடாவில் இருந்துகொண்டு கண்ணாடி உடைந்ததைப் பார்க்க முடியாது. தம்பி மகளோ, உங்களிடம் படித்த யாராவதோ, பக்கத்தில் இருப்பவர்தான் சரி.

அப்புறம் ஃபீஸ். பத்திரம் எழுத ஒன்று, ஏற்றுக்கொள்ள ஒன்று, வருடா வருடம் ஒன்று, உயிலை நிறைவேற்றத் தனியாக ஒன்று, விலகினால் இன்னொன்று என்று வரும். வருடக் கட்டணம் ஒரு சதவீதம் என்றே வைத்துக்கொள்வோம். 60 லட்சத்துக்கு 60,000. 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 70,800. டெபாசிட் வட்டி ஏழு சதவீதம் என்றால் 4,20,000. கையில் நிற்பது 3,49,200, மாதம் சுமார் 29,000. உங்களுக்குப் பிறகு பையன் ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருப்பான் என்றால், அதன் இன்றைய கட்டணத்துக்கு இது காணலாம். பதினைந்து வருடம் கழித்து? ரேட் கார்டை எழுத்தில் வாங்கி, இந்தக் கணக்கை நீங்களே ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். டீச்சருக்குக் கணக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

டிரஸ்ட்டை உயிலிலேயே எழுதுங்கள் என்பது என் யோசனை. இப்போதே வீட்டை டிரஸ்ட் பெயருக்கு மாற்றினால் பத்திரப்பதிவு, முத்திரைத்தாள் செலவு. உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், மனசு மாறினால் மாற்றியும் எழுதலாம். இரண்டு சாட்சி கட்டாயம். பதிவு கட்டாயமில்லை என்றாலும் சார்பதிவாளர் ஆபீசில் பதிந்துவிடுங்கள். உயிலில் உள்ள ஒரு சிக்கல், நீங்கள் போன பிறகு டிரஸ்ட் ஓடத் தொடங்கச் சில மாதம் ஆகும். அதுவரை இல்லத்துக்குக் கட்ட, மகளோடு சேர்த்து 'இருவரில் எவரும்' (ஒருவர் போனாலும் மற்றவர் எடுக்கலாம்) என்று ஒரு சின்ன டெபாசிட் தனியாக இருக்கட்டும்.

வங்கி நீட்டும் அச்சடித்த நகலில் அப்படியே கையெழுத்துப் போடாதீர்கள். வருமானம் முழுவதும் மகனுக்கே என்று இருக்க வேண்டும். 'டிரஸ்டியின் விருப்பப்படி' என்று இருந்தால் உச்ச விகிதத்தில் வரி போக வாய்ப்பு உண்டு. ஆடிட்டரிடம் அந்த வாசகத்தை மட்டும் காட்டுங்கள். டிரஸ்ட் பணத்தை வங்கி தன் குழுமத்தின் ஃபண்டிலோ காப்பீட்டிலோ போட மகளின் சம்மதம் தேவை, கார்டியன் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பையனை நேரில் பார்த்து எழுதித் தருவார், அவர் கேட்கும் சில்லறைச் செலவுக்கு வங்கி உடனே பணம் தரும், வங்கி சரியில்லை என்றால் மகள் வேறு டிரஸ்டியை நியமிக்கலாம் என்று சேருங்கள். கடைசி ஷரத்தைக் கேட்டதும் மேனேஜர் முகம் சுருங்கினால், வேறு வங்கிக்குப் போங்கள். 1913-ஆம் வருடச் சட்டப்படி அரசுத் தரப்பிலும் அஃபிஷியல் டிரஸ்டி உண்டு. சென்னை ஹைகோர்ட் வளாகத்தில் ஆபீஸ். அங்கேயும் ஒருமுறை விசாரிக்கலாம்.

கேள்வி: டெபாசிட்டுகளுக்கெல்லாம் மூத்த மகன்தான் நாமினி. மூன்று பிள்ளைகளுக்கும் சமமாகப் போக வேண்டும். உயில் தேவையா? (ஒரு வாசகர், மதுரை)

பதில்: தேவை. நாமினி பணத்தை வாங்குகிறவர்தான், சொந்தக்காரர் அல்ல. வங்கி டெபாசிட் விஷயத்தில் உச்ச நீதிமன்றம் 2010-லேயே இதைச் சொல்லிவிட்டது. ஆனால் வாங்கின கை விரிய வேண்டுமே! 2025 நவம்பர் 1 முதல் ஒரு டெபாசிட்டுக்கு நான்கு நாமினி வரை, இவருக்கு இத்தனை சதவீதம் என்றே போடலாம். மூன்று பேரையும் போட்டுவிட்டு, உயிலிலும் அதே பங்கை எழுதுங்கள். உயிலில் ஒன்று, நாமினி படிவத்தில் ஒன்று என்று இருந்தால் மூத்தவருக்கும் தர்மசங்கடம்தான்.