மலையூரில் சாப்பிட உட்காரும் முன்

கேள்வி: குடும்பத்தோடு ஒரு மலை வாசத்தலத்துக்குப் போயிருந்தோம். பள்ளத்தாக்கு தெரியும் உணவகம், ரோப்கார் உச்சியில் இருக்கும் உணவகம் என்று தேடித் தேடிப் போய்ச் சாப்பிட்டோம். அரைவேக்காட்டுச் சோறு, கடக்கென்று கடிபடும் கடலை, ஆறிப்போன டீ. 'குளிருக்கு இரண்டு பெக் போடுங்கள்' என்றார்கள். போட்டேன், மறுநாள் முழுக்கத் தலைவலி. மலையில் சமைக்கத் தெரிந்தவர்களே கிடையாதா? எங்கேதான் சாப்பிடுவது, எதைத்தான் குடிப்பது?

பதில்: சமைக்கத் தெரியாதவர்கள் என்று எல்லோரையும் ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். உங்கள் தட்டில் வந்த குறைகளில் பாதி மலையின் வேலை. மீதி, நீங்கள் இடம் பிடித்த விதத்தால் வந்தது. சன்னலைப் பார்த்து உணவகம் தேடியிருக்கிறீர்கள். அடுப்பைப் பார்த்துத் தேடியிருக்க வேண்டும்.

முதலில் மலையின் பங்கு. கடல்மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது. மேலே ஏற ஏறக் காற்றழுத்தம் குறைவதால், சுமார் 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் கொதிநிலையும் இறங்கிக்கொண்டே போகும். 2,000 மீட்டரில் 93 டிகிரி. 3,000 மீட்டரில் 90. அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் அதற்கு மேல் சூடேறாது. சீக்கிரம் வற்றும், அவ்வளவுதான். ஒரு பருக்கையை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவே நசுக்கிப் பாருங்கள். முழுதாக மசிந்தால் வெந்தது. நடுவில் வெள்ளையாக ஒரு புள்ளி நறநறவென்று நின்றால், கீழே பழகிய நேரக் கணக்கிலேயே இறக்கிவிட்டார்கள் என்று அர்த்தம்.

பிரஷர் குக்கர் இருக்கிறதே என்பீர்கள். குக்கரின் வெயிட், வெளிக்காற்றைவிட உள்ளே இவ்வளவு அழுத்தம் கூடுதலாக இருக்கட்டும் என்றுதான் பிடித்து வைக்கும். வெளியே அழுத்தம் குறைந்தால் உள்ளேயும் குறையும். கடல்மட்டத்தில் 121 டிகிரியை எட்டும் குக்கர், 2,000 மீட்டரில் 117, 118 டிகிரியிலேயே நின்றுவிடும். 600 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் வேகும் நேரத்தில் 5 சதவீதம் கூட்டுவது வழக்கமான கணக்கு. கீழே 20 நிமிஷம் வைக்கும் கொண்டைக்கடலைக்கு, 2,000 மீட்டரில் ஏறக்குறைய 25 நிமிஷம் வேண்டும். அங்கேயே வருஷம் முழுக்கச் சமைப்பவருக்கு இது கைப்பழக்கம். சீசனுக்கு மட்டும் கீழிருந்து வந்து நிற்பவர் பழைய விசில் கணக்கில் இறக்கிவிடுவார். உங்கள் கடலை கடிபட்டதற்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

இதில் ஒன்றை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது: ராஜ்மா. அரைவேக்காட்டு ராஜ்மாவில் இருக்கும் நச்சுப்பொருள் சில மணி நேரத்திலேயே கடும் வாந்தியைக் கொண்டுவரும். கொதிக்க விடாமல் இளஞ்சூட்டில் வைத்துக்கொண்டே இருந்தால் அது கூடவும் செய்யும். நடுவில் கட்டி தட்டுப்படுகிற ராஜ்மாவை, காசு கொடுத்தாயிற்றே என்று தின்று தீர்க்காதீர்கள், திருப்பி அனுப்புங்கள்.

அப்படியானால் எதைக் கேட்பது? தண்ணீரில் அவசரமாக வேகவைக்காத பண்டங்களைக் கேளுங்கள். தோசைக்கல், ஓவன், தணல் இவற்றின் சூட்டைக் காற்றழுத்தம் தொடுவதில்லை. சூப், இறைச்சிக் குழம்பு போல மணிக்கணக்கில் ஒரே பாத்திரத்தில் வெந்தவையும் நன்றாகவே இருக்கும். எண்ணெயில் பொரித்ததில் ஒரு சிக்கல் உண்டு. எண்ணெய் எப்போதும் போலச் சூடேறும்; ஆனால் பண்டத்துக்குள் இருக்கும் ஈரம் குறைந்த வெப்பத்திலேயே ஆவியாகிவிடுவதால், உள்ளே வேகுமுன் வெளியே சிவந்துவிடும். விஷயம் தெரிந்தவர் தீயைத் தணித்து நிதானமாகப் பொரிப்பார். தெரியாத இடத்தில் தடித்த கோழித்துண்டைக் கேட்காதீர்கள். மெல்லியதாக அரிந்து பொரித்தது பிழைத்துக்கொள்ளும்.

ஊரில் ஒரு பேக்கரி இருந்தால் முதலில் அங்கே போய்ப் பாருங்கள். அழுத்தம் குறைந்த இடத்தில் மாவு சீக்கிரமாக உப்பி, கட்டிக்கொள்ளுமுன் அமுங்கிவிடும். ஈஸ்டையும் பேக்கிங் பவுடரையும் குறைத்து, தண்ணீரைக் கொஞ்சம் கூட்டத் தெரிந்தவருக்கே அங்கே கேக் ஒழுங்காக வரும். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் கேக்கின் நடுப்பகுதியைப் பாருங்கள். குழி விழாமல், வெட்டிய முகத்தில் ஒரே சீரான சிறு துளைகளாக இருந்தால் அந்தக் கடைக்காரர் மலையைப் புரிந்துகொண்டவர். எங்கே சாப்பிடலாம் என்று அவரிடமே கேட்கலாம்.

டீ ஆறிப்போனது என்கிறீர்கள். அது அடுப்பிலிருந்து இறங்கும்போதே கீழே குடிப்பதைவிட ஏழெட்டு டிகிரி குறைவாகத்தான் இருந்திருக்கும். அதோடு குளிர்காற்று, மெல்லிய கோப்பை, திறந்த மொட்டைமாடி. டீ பேக்கைத் தண்ணீரில் தொங்கவிட்டுக் கொடுக்கிற டீ அங்கே சாயமும் இறங்காமல் சப்பென்று இருக்கும். இலையைப் பாத்திரத்திலேயே போட்டு நீண்ட நேரம் கொதிக்கவிட்ட டீயை, வெந்நீரில் அலசிய தடித்த கோப்பையில், கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக் குடியுங்கள். காபிக்கு இந்தப் பாடு இல்லை. 90-லிருந்து 96 டிகிரிக்குள் இருக்கும் வெந்நீர்தான் காபித்தூளுக்கு உகந்தது என்பதால், 2,000 மீட்டரில் கொதிக்கும் தண்ணீரை அப்படியே ஊற்றலாம்.

இனி உங்கள் பங்கு. காட்சிமுனையில் இருக்கும் உணவகத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் வாழ்நாளில் ஒருமுறைதான் வருகிறார்கள். நன்றாகச் சமைத்தாலும் அடுத்த வாரம் வரப்போவதில்லை. மோசமாகச் சமைத்தாலும் நாளைக்கு வேறு கூட்டம் வரும். கடைத்தெருவுக்கு இரண்டு தெரு உள்ளே தள்ளி, வண்டி ஓட்டுநர்களும் கடைப் பணியாளர்களும் தினமும் மதியம் சாப்பிடும் இடத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. இன்று சோறு வேகாவிட்டால் நாளைக்கு மேசை காலி. வாங்கிய காய் அன்றன்றே தீர்ந்துபோவதால் சரக்கும் தேங்காது. காட்சிக்காகக் காசு கொடுப்பதில் தவறே இல்லை. அதை ஒரு டீக்கும் ஒரு பிஸ்கட்டுக்கும் கொடுங்கள். பசிக்கு ஊருக்குள் போங்கள். உட்காருமுன் விலைப்பட்டியலைக் கையில் வாங்கிப் பாருங்கள். இருக்கைக்கும் ஹீட்டருக்கும் தனிக் கட்டணம் உண்டா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

ரோப்கார் உச்சியில் நிலைமை இன்னும் கடினம். கேஸ் சிலிண்டர், காய்கறி, சில இடங்களில் தண்ணீர்கூடக் கம்பியில் தொங்கியோ தோளில் ஏறியோதான் மேலே போக வேண்டும். குப்பையும் அதே வழியில் இறங்க வேண்டும். விலை கூடுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் தண்ணீர் அரிதான சமையலறையில் பச்சைக் காய்கறி சாலட்டும் கழுவிய கீரையும் கேட்பது புத்திசாலித்தனம் இல்லை. கொதிக்கக் கொதிக்க ஒரு சூப்பை வாங்கிக் குடித்துவிட்டு இறங்குங்கள். காற்று பலமானால் ரோப்காரை நிறுத்திவிடுவார்கள். பையில் ரொட்டியும் கடலையும் இருக்கட்டும்.

பஃபே விடுதிகளில் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். சமைத்த உணவை 60 டிகிரிக்குக் குறையாமல் சூடாக வைத்திருக்க வேண்டும். குளிர்ந்த கூடத்தில் மூடி திறந்தபடி இருக்கும் தட்டில் அது வெகுநேரம் நிற்காது. தட்டுக்கு அடியில் தண்ணீர் இருக்கிறதா, அதற்கும் கீழே சுடர் எரிகிறதா என்று குனிந்து பாருங்கள். குழம்பின் மேல் ஆடை படிந்து, கரண்டியின் விளிம்பில் மசாலா காய்ந்து ஒட்டியிருந்தால் வெகுநேரமாகக் கிடக்கிறது. வெதுவெதுப்பில் கிடக்கும் சோற்றில் உருவாகும் பாக்டீரியா நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. பரிமாறத் தொடங்கிய முதல் அரைமணிக்குள் போய்விடுங்கள், அல்லது அந்த வேளையை விட்டுவிடுங்கள்.

சீசன் இல்லாத மாதங்களில், காலியாக இருக்கும் உணவகத்தில் பத்துப் பக்க மெனு கொடுத்தால் பாதிப் பண்டம் ஃப்ரீசரிலிருந்துதான் வரும். 'இன்றைக்கு என்ன சமைத்தீர்கள்?' என்று கேளுங்கள். கடல்மீனைத் தொடாதீர்கள், உள்ளூர்ப் பண்ணையில் வளர்த்த ட்ரவுட் என்ற நன்னீர் மீன் கிடைத்தால் வாங்கலாம். இரவுச் சாப்பாட்டுக்கு எத்தனை மணிவரை கடை இருக்கும் என்று விசாரிக்காமல், கடைசி ஆர்டர் எப்போது என்று விசாரியுங்கள். குளிர் ஏறியதும் ஊர் அடங்கிவிடும்.

தண்ணீர் விஷயத்தில் ஓடையைப் பார்த்து ஏமாறாதீர்கள். தெளிவாக இருப்பதும் சுத்தமாக இருப்பதும் வேறு வேறு. மேலே ஆடுமாடு மேய்ந்தால் ஜியார்டியா என்ற ஒட்டுண்ணி கீழே வரும். குளிர்ந்த நீரில் அது வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். தண்ணீரைத் தளதளவென்று ஒரு நிமிஷம் கொதிக்கவிட்டால் போதும் என்பது கீழே உள்ள கணக்கு. 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிஷம். கீழே அடைத்த சிப்ஸ் பை மேலே வந்ததும் பலூனாக உப்பியிருக்கும். அது காற்றழுத்தத்தின் வேலை, பண்டம் கெடவில்லை. ஆனால் அலமாரியில் மற்றவையெல்லாம் ஒரே அளவாக இருக்க, ஒரு பால் பாக்கெட்டோ டின்னோ மட்டும் தனியாக உப்பியிருந்தால் அதை வாங்காதீர்கள். மூச்சு வேகமாவதாலும் காற்று வறண்டிருப்பதாலும் உடம்பிலிருந்து நீர் நிறைய வெளியேறும். தாகம் தெரியாவிட்டாலும் குடித்துக்கொண்டே இருங்கள்.

இப்போது அந்த இரண்டு பெக். மது குளிரைப் போக்காது. தோலை ஒட்டிய ரத்தக் குழாய்களை விரித்து, உடம்பின் உட்சூட்டை வெளியே கொண்டுவந்து கொட்டும். அதனால்தான் கதகதப்பாகத் தோன்றுகிறது. நடுங்கிச் சூடு உண்டாக்கிக்கொள்ளும் திறனையும் குறைத்துவிடும். 2,500 மீட்டருக்கு மேல் இன்னொரு ஆபத்து. அங்கே ஏறிய முதல் இரண்டு நாளில் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வருவது உயர நோயின் அடையாளம். மது தூக்கத்தில் மூச்சைத் தாழ்த்தி அதைக் கூட்டும். போதை இறங்கிய தலைவலியும் உயர நோய்த் தலைவலியும் ஒன்றுபோலவே இருப்பதால், எது என்று தெரியாமல் சும்மா படுத்துக்கிடப்பார்கள். முதல் 48 மணி நேரம் மதுவே வேண்டாம். தூக்க மாத்திரையும் வேண்டாம். நடை தள்ளாடினாலோ, பேச்சு குழம்பினாலோ, சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ உடனே கீழே இறங்கி மருத்துவரைப் பாருங்கள். காலைவரை காத்திருக்கக் கூடாது.

கடைசியாக, நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன். நீங்கள் சாப்பிட்ட கூடத்திலோ படுத்த அறையிலோ கரி கனப்பு வைத்திருந்தார்களா? கதவு சன்னல் அடைத்த இடத்தில் எரியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு மணமில்லை, நிறமில்லை. முதல் அறிகுறியே தலைவலியும் குமட்டலும்தான். ஒரே அறையில் இருந்த இரண்டு மூன்று பேருக்கு ஒரே சமயத்தில் தலை வலித்தால் உடனே எல்லோரையும் வெளியே கூட்டி வந்து, கதவைத் திறந்துவிட்டு, மருத்துவமனைக்குப் போங்கள். கூரைக்கு மேல் புகைபோக்கி இல்லாமல் உள்ளே கரி எரிக்கும் உணவகத்தில், சாப்பாடு எவ்வளவு நன்றாக இருந்தாலும், வெளித்திண்ணையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள்.