முடிவு தெரிந்த கதைகள்: 34 வருடமாகக் காதல் நாவல் படிப்பவரிடம் கேள்வி பதில்

பதினாறு வயதில் தொடங்கியது. படித்து முடித்த ஒவ்வொரு நாவலையும் நோட்டில் குறித்து வைப்பேன். இப்போது ஆறாவது நோட்டு ஓடுகிறது, கடைசியாக எழுதிய எண் 2,614. எழுத்தாளர் இல்லை, விமர்சகரும் இல்லை. வாசகி. அந்தத் தகுதியில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, கடைசில ரெண்டு பேரும் சேர்ந்துடுவாங்கன்னு முதல் பக்கத்துலயே தெரிஞ்சிடுது. அப்புறம் எப்படி இவ்வளவு ஆர்வமா படிக்க முடியுது?

தெரிவதால்தான் முடிகிறது தங்கை. காதல் நாவல் என்றால் என்ன என்று அமெரிக்கக் காதல் நாவல் எழுத்தாளர் சங்கம் வகுத்த இலக்கணத்தில் இரண்டே நிபந்தனைகள். கதையின் மையமாக ஒரு காதல் இருக்க வேண்டும். முடிவு மனநிறைவும் நம்பிக்கையும் தர வேண்டும். ஆக, முடிவு இங்கே ரகசியமே இல்லை, முன்கூட்டியே நமக்குக் கொடுத்த வாக்கு. கொலைகாரன் பிடிபடுவான் என்று தெரிந்துகொண்டே துப்பறியும் கதை படிக்கிறோம், அதை யாரும் கேள்வி கேட்பதில்லை.

அந்த வாக்கை நம்பித்தான் நடுவில் எவ்வளவு ஆழத்துக்குத் தள்ளினாலும் கூடவே போகிறோம். 1813-ல் வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் ‘ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்’ நாவலில் மொத்தம் 61 அத்தியாயங்கள். நாயகன் டார்சி நாயகி எலிசபெத்திடம் தன் காதலைச் சொல்வது 34-ஆவது அத்தியாயத்தில். சொல்லும்போதே அவள் குடும்பம் தனக்கு எவ்வளவு தாழ்ந்தது என்றும் சேர்த்துச் சொல்கிறான். எலிசபெத் முகத்துக்கு நேரே மறுத்துவிடுகிறாள். இன்னும் 27 அத்தியாயங்கள் பாக்கி. முடிவு தெரியாதவர் ‘சேருவார்களா’ என்ற பதற்றத்தில் பக்கங்களைத் தள்ளுவார். தெரிந்தவருக்கு அந்தப் பதற்றம் இல்லை. இப்படிப் பேசிய மனிதன் எந்த இடத்தில் இளகுகிறான், அவள் எந்த இடத்தில் தன் தவறை உணர்கிறாள் என்று வரி வரியாகக் கவனிக்கலாம். நான் படிப்பது அதற்காக.

மேடம், படித்த புத்தகத்தையே பத்து முறை படிப்பது நேர விரயம் இல்லையா? புதிது எவ்வளவோ வருகிறதே.

அதே நாவலில் இருந்தே பதில் சொல்கிறேன். மறுத்த மறுநாள் டார்சி ஒரு கடிதம் கொடுக்கிறான். எலிசபெத் கோபத்தோடு அவசர அவசரமாகப் படிக்கிறாள், எதையும் நம்பவில்லை. இனி இதைத் தொடுவதே இல்லை என்று மடித்து வைக்கிறாள். அரை நிமிடம் தாங்கவில்லை, மறுபடி பிரிக்கிறாள். இந்த முறை ஒவ்வொரு வாக்கியமாக நின்று படிக்கிறாள். அப்போதுதான் தன்னைப் பற்றியே அவளுக்குப் புரிகிறது. சில நாளில் அந்தக் கடிதம் கிட்டத்தட்ட மனப்பாடமாகிறது.

மறுவாசிப்பு என்றால் எனக்கு இதுதான். முதல் முறை கதை இழுத்துக்கொண்டு போய்விடும். இரண்டாம் முறைதான் எழுத்தைப் பார்க்கிறோம். என்னிடம் ஒரு பழைய பேப்பர்பேக் இருக்கிறது. மேஜையில் வைத்தால் தானாகவே 143-ஆம் பக்கத்தில் திறந்துகொள்ளும், அந்த இடத்தில் முதுகு அவ்வளவு தேய்ந்துவிட்டது. காய்ச்சலில் படுத்திருக்கும் நாயகிக்கு, பேசத் தெரியாத நாயகன் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, வெயில் அவள் கண்ணில் படாதபடி நாற்காலியை நகர்த்திப் போட்டு உட்காரும் காட்சி. முதல் வாசிப்பில் அது என் கண்ணில் படவே இல்லை. இருபத்திரண்டு வயதில், மூன்றாவது முறை படிக்கும்போது நின்றேன். இப்போது அந்த ஒரு பக்கத்துக்காகவே புத்தகத்தை எடுக்கிறேன்.

என் கணக்கில் நான்கு புதிதுக்கு ஒரு பழையது. சோர்வான மாதங்களில் இது தலைகீழாகிவிடும்.

வேலைக்குப் போய்க்கொண்டே எப்படி நேரம் கிடைக்கிறது?

வரிசை எண் போட்டு வரும் சின்னக் காதல் நாவல்கள் பெரும்பாலும் ஐம்பதாயிரம் வார்த்தையை ஒட்டி இருக்கும். நிமிடத்துக்கு 200 வார்த்தை படிப்பவருக்கு 250 நிமிடம், அதாவது நான்கு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். காலையில் கால் மணி, பயணத்தில் அரை மணி, தூங்கும் முன் கால் மணி என்று வைத்தால் நாலைந்து நாளில் ஒரு நாவல் முடிந்துவிடும். ஒரே மூச்சில் உட்கார நான் காத்திருப்பதில்லை. அத்தியாயத்தின் நடுவில் மூட மாட்டேன், அது ஒன்றுதான் விதி.

பழைய புத்தகம் ஒன்று கைக்கு வந்தது. ஒரு பக்கத்தின் எண்ணைச் சுற்றி பென்சிலில் வட்டம், இன்னொரு பக்கத்தின் ஓரத்தில் ஒரு குட்டி நட்சத்திரம். என்ன அர்த்தம் சிஸ்?

இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு நன்றி. அநேகமாக அது நூலகப் புத்தகமாக இருந்திருக்கும். அவை வாசகர்கள் போட்டுவைத்த அடையாளங்கள். காதல் நாவல்களின் தலைப்புகளும் அட்டைகளும் ஒன்றுபோலவே இருக்கும். படித்தோமா இல்லையா என்று அலமாரி முன் நிற்கும்போது குழப்பம் வரும். அதனால் ஒவ்வொருவரும் தனக்கென்று ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்து, எடுத்துப் படிக்கிற எல்லாப் புத்தகத்திலும் அதே பக்கத்தில் அதே குறியைப் போடுவார்கள். அடுத்த முறை நேரே அந்தப் பக்கத்தைப் புரட்டினால் தெரிந்துவிடும்.

இந்த வகை நாவலே நூலகங்களை நம்பி வளர்ந்ததுதான். மில்ஸ் அண்ட் பூன் 1908-ல் தொடங்கியபோது எல்லாவகைப் புத்தகமும் போட்ட பதிப்பகம், 1930-களில்தான் காதல் கதைகள் பக்கம் முழுதாகத் திரும்பியது. அன்றைக்கு அவற்றை அதிகம் வாங்கியவை வாடகை நூலகங்கள். 1949-ல் கனடாவில் தொடங்கிய ஹார்லெக்வின் அதை 1971-ல் வாங்கிய பிறகுதான் உலகமெங்கும் இந்தப் புத்தகங்கள் கொட்டிக் கிடந்தன.

என் குறி, 27-ஆம் பக்க எண்ணின் கீழ் ஒரு சின்னக் கோடு. ஒருமுறை என் கோட்டுக்குப் பக்கத்திலேயே வேறு மையில் இன்னொரு கோடு இருந்தது. அடுத்தடுத்து எடுத்த ஏழெட்டுப் புத்தகங்களிலும் அந்தக் கோடு. யாரென்று கடைசிவரை தெரியாது. அவர் படித்தது என்றால் நம்பி எடுக்கலாம் என்று மட்டும் தெரியும். பொதுப் புத்தகத்தில் கிறுக்குவது சரியில்லை என்று பிறகு நிறுத்திவிட்டேன், நோட்டு அப்படித்தான் ஆரம்பித்தது.

அந்த நோட்டில் என்னென்ன எழுதுவீர்கள்? எதை வைத்துக் கதைகளைப் பிரிப்பீர்கள்? ‘எனிமீஸ் டு லவர்ஸ்’, ‘செகண்ட் சான்ஸ்’ மாதிரியா?

ஒரு நாவலுக்கு நான்கு வரிதான். பெயர், முடித்த தேதி, எந்தக் காட்சியில் நின்றேன், மறுபடி படிப்பேனா. கதைச் சுருக்கம் எழுதுவதில்லை. அது எல்லாவற்றுக்கும் ஒன்றாகத்தான் வரும்.

பிரிப்பதற்கு நம் ஐந்திணையைவிடப் பொருத்தமான ஒன்றை நான் பார்க்கவில்லை. பக்கத்தின் மூலையில் ஒரு எழுத்து போடுவேன். சந்திப்பும் சேர்தலும் ‘கு’, குறிஞ்சி. எதிரிகளாகச் சந்திப்பவர்கள், ஒரே வீட்டில் மாட்டிக்கொள்பவர்கள் எல்லாம் இதில். காத்திருப்பு ‘மு’, முல்லை. கல்யாணத்துக்குப் பிறகு வரும் காதல், கோபதாபம், பேசாமல் இருப்பது ‘ம’, மருதத்தின் ஊடல். ஏங்கி அழும் கதைகள் ‘நெ’, நெய்தல். பிரிந்துபோய் வருடங்கள் கழித்துச் சந்திக்கும் செகண்ட் சான்ஸ் ‘பா’, பாலை. பொய் நிச்சயதார்த்தக் கதைகளை எங்கே வைப்பது என்று ரொம்ப நாள் குழம்பினேன். கல்யாணம் ஆகாமலே ஊடலும் உரிமையும் வந்துவிடுவதால் இப்போது மருதத்தில் வைக்கிறேன். நீங்கள் குறிஞ்சி என்று வாதாடினால் கேட்கத் தயார்.

அகப்பாட்டில் யாருக்கும் பெயர் சுட்டக்கூடாது என்பது தொல்காப்பிய விதி. தலைவன், தலைவி, தோழி, தாய் போன்ற சிலர், அவ்வளவுதான். யார் படித்தாலும் தன் கதையாக நினைத்துக்கொள்ள இடம் விட்டிருக்கிறார்கள். குறுந்தொகையில் நானூறுக்கு மேல் பாட்டு இருக்கிறது, அத்தனையிலும் இந்தச் சில பேர்தான் மறுபடி மறுபடி பேசுகிறார்கள். ‘எல்லாம் ஒரே கதை’ என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான்.

ஆன்டி ஹீரோ கதைகள் பற்றி உங்கள் கருத்து? அடிக்கிறான், கடத்துகிறான், கடைசியில் அவளும் காதலிக்கிறாள். எனக்குப் பிடிக்கவும் செய்கிறது, உறுத்தவும் செய்கிறது.

அந்த உறுத்தலை விட்டுவிடாதீர்கள். 1970-களில் ஆங்கிலத்தில் லட்சக்கணக்கில் விற்ற வரலாற்றுக் காதல் நாவல்களில் நாயகனே நாயகியைப் பலாத்காரம் செய்யும் காட்சிகள் சாதாரணமாக வந்தன. வாசகிகளும் எழுத்தாளர்களும் கேள்வி கேட்கக் கேட்கத்தான் அது குறைந்தது.

நான் பார்ப்பது ஒன்றுதான். அவன் செய்தது தவறு என்று அந்தப் புத்தகத்துக்குத் தெரிகிறதா? தெரிந்தால், எவ்வளவு கொடியவனானாலும் அவனோடு கடைசிவரை நடப்பேன். சங்கப் பாட்டில் ‘வாயில் மறுத்தல்’ என்று ஒரு துறை உண்டு. தவறு செய்துவிட்டுத் திரும்பும் தலைவனைத் தோழி வாசலிலேயே நிறுத்திக் கேள்வி கேட்பாள், உள்ளே விட மாட்டாள். ஆன்டி ஹீரோ கதையில் அந்த வாசல் காட்சி வேண்டும். அதுவும் ஒரு பத்தியில் ‘ஸாரி’ சொல்லி, அடுத்த பத்தியில் அவள் மார்பில் சாய்வதாக இருக்கக்கூடாது. அவன் நின்று காத்திருக்கும் நேரத்தை நான் பக்கக் கணக்கில் உணர வேண்டும். அடியையே அன்பு என்று எழுதினால் அந்த இடத்தோடு மூடிவிடுவேன். நோட்டில் எண்கூடக் கொடுப்பதில்லை.

என் கணவரும் பையனும் அட்டையைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். நாளிதழில் மறைத்துப் படிக்கிறேன். நீங்கள் என்ன செய்தீர்கள்?

நானும் பத்து வருடம் அட்டை போட்டுத்தான் படித்தேன். 2007-ல் கிண்டில் வந்த பிறகு, அட்டை வெளியே தெரியாது என்பதற்காகவே அதற்கு மாறிய காதல் நாவல் வாசகிகள் உண்டு.

ஜானிஸ் ராட்வே என்ற ஆய்வாளர் அமெரிக்காவில் ஒரு நகரத்துக் காதல் நாவல் வாசகிகளிடம் பேசி 1984-ல் ஒரு புத்தகம் எழுதினார். அந்தப் பெண்கள் கதையைப் பற்றி மட்டும் பேசவில்லை, படிப்பு என்ற செயலைப் பற்றியும் பேசினார்கள். நாள் முழுக்க எல்லோரையும் பார்த்துக்கொள்கிற அவர்கள், புத்தகத்தைத் திறந்திருக்கும் நேரம் மட்டுமே தங்களுடையது என்றார்கள். அதைப் படித்த அன்று அட்டையைக் கழற்றினேன். என் பிள்ளைகள் சிரித்தார்கள். ‘அம்மா இருபது நிமிடம் படிக்கப் போகிறேன்’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் படித்தேன். சில வாரங்களில் சிரிப்பு நின்றது, அந்த இருபது நிமிடம் வீட்டுக்குப் பழகிவிட்டது. நாளிதழை எடுத்துவிடுங்கள் அம்மா.

ஒரு நல்ல நாவலை முடித்தபின் பத்து நாளாக எதுவும் பிடிக்கவில்லை. புக் ஹேங்ஓவருக்கு மருந்து உண்டா?

அதே எழுத்தாளரின் அடுத்த நாவலை உடனே எடுக்காதீர்கள், ஒப்பிட்டே கெடுத்துவிடுவோம். வேறு திணைக்குப் போங்கள். பாலை அழ வைத்திருந்தால் லேசான குறிஞ்சி. இல்லை என்றால் காதலே இல்லாத ஒரு பயண நூல். பத்து நாள் அந்த வலியோடு இருப்பதும் வாசிப்பின் ஒரு பகுதிதான்.

தொடராக வரும் கதையை வாரா வாரம் படிக்கலாமா, முடிந்த பிறகா?

முடிந்த பிறகு. ஒரே சமயத்தில் ஒரு தொடர் மட்டும் விதிவிலக்காக வைத்துக்கொள்வேன், காத்திருப்பின் சுகத்துக்காக.

எனக்கு 61 வயது. கணவர் போய் இரண்டு வருடம் ஆகிறது. இளவயதில் நிறையப் படித்தேன். இப்போது எடுத்தால் இருபது வயதுப் பெண்ணின் காதல் எனக்கு எதற்கு என்று தோன்றுகிறது. ஆனாலும் படிக்க ஆசை. எங்கே தொடங்கட்டும்?

அக்கா, உங்கள் கேள்வியை நேற்று இரவு முதல் மனதில் வைத்திருக்கிறேன். முதல் பார்வைக் கதைகளை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். பாலையும் முல்லையும் எடுங்கள். இழப்புக்குப் பிறகு வாழ்பவர்களின் கதைகள்.

ஒன்றே ஒன்று சொல்லச் சொன்னால் ஆஸ்டினின் ‘பெர்சுவேஷன்’. அவர் இறந்த பிறகு வந்த நாவல். நாயகி ஆனுக்கு 27 வயது. அன்றைய கணக்கில் காலம் கடந்தவள் என்று ஒதுக்கப்பட்டவள். எட்டு வருடத்துக்கு முன் மற்றவர்கள் பேச்சைக் கேட்டு அவள் கைவிட்ட காதலன் திரும்பி வருகிறான், ஒரே அறையில் நிற்கிறான், பேசவில்லை. முதல் பாதி மெதுவாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். நாவலில் 24 அத்தியாயங்கள், 23-ஆவதில் ஒரு கடிதம் வருகிறது. அதுவரை ஒரு நாளைக்கு ஒரு அத்தியாயம் போதும். 22 முடிந்ததும் அன்றைக்கு மூடிவிடுங்கள். 23-ஐ மறுநாள் காலையில், வீட்டில் யாரும் கூப்பிடாத நேரமாகப் பார்த்துத் தொடங்குங்கள். படித்துவிட்டு எந்த வரியில் நின்றீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். என் நோட்டில் அந்த நாவலின் எதிரே உங்கள் வரியையும் எழுதி வைக்க ஆசை.