ஜூமுக்கு ஏழு பேர்தான் வருகிறார்கள்: தனி ஆப் வாங்கலாமா?

கேள்வி: மதுரையில் புதிதாகத் தொழில் தொடங்கிய 40 பேர் மாதம் ஒரு சனிக்கிழமை மாலை கூடிப் பேசுவோம். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் ஜூமுக்கு மாறினோம். முதல் கூட்டத்துக்கு 38 பேர் வந்தார்கள், 2021 மே மாதம் ஏழே பேர். வாட்ஸ்அப் குழுவில் 230 பேர் இருக்கிறார்கள். குட்மார்னிங் படமும் கடன் விளம்பரமும்தான் ஓடுகின்றன. 35,000 ரூபாய் கொடுத்தால் தனி ஆப் செய்து, மெய்நிகர் மாநாடும் நடத்தித் தருவதாக ஒருவர் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். முதலில், வராமல் போன 31 பேரின் வீட்டில் சனிக்கிழமை மாலை என்ன நடக்கிறது என்று பாருங்கள். பலரிடம் இருப்பது தினம் 1.5 ஜிபி தரும் ப்ரீபெய்ட் பேக். ஒரு மணி நேர ஜூம் வீடியோ ஏறக்குறைய 1 ஜிபியைத் தின்றுவிடும். காலையில் பிள்ளை அதே போனில் ஆன்லைன் வகுப்பை முடித்திருக்கும். மாலை 6 மணிக்கு உங்கள் கூட்டம் தொடங்கும்போது போனில் டேட்டா இல்லை. வேகம் 64 கேபிபிஎஸுக்கு இறங்கிக் கிடக்கிறது. படம் உறைகிறது, குரல் அறுபடுகிறது. இரண்டு முறை அப்படி ஆனவர் மூன்றாம் முறை வரமாட்டார். ஆப் வாங்கினால் இது தீருமா?

கூட்டத்தை ஞாயிறு காலை 10 மணிக்கு மாற்றுங்கள். அன்று வகுப்பு இல்லை, நள்ளிரவில் புதுப்பித்த டேட்டாவும் அப்படியே இருக்கும். பேசுகிறவர் மட்டும் கேமரா போடட்டும்.

அடுத்தது கூட்டத்தின் அளவு. நேரில் கூடும்போது 40 பேரைக் கட்டி வைத்திருந்தது மேடைப் பேச்சா? கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது நாலைந்து பேர் ஒதுங்கி நின்று, “அந்தப் பார்ட்டி பணம் கொடுத்துட்டாங்களா?” என்று கேட்டுக்கொண்டதுதான். ஜூமில் அந்த டீ நேரம் இல்லை. அதனால் ஆறு ஆறு பேராகப் பிரியுங்கள். வாட்ஸ்அப் குழு அழைப்பிலேயே ஆறு பேரும் சேரலாம். லிங்க் வேண்டாம், புது ஆப் வேண்டாம். குரல் அழைப்பு என்றால் இரண்டு கோடு சிக்னல் உள்ள மேலூர்க்காரரும் கடைசிவரை இருப்பார்.

பிரிக்கும்போது ஒரே பொருளை விற்கும் இருவரை ஒரு குழுவில் போடாதீர்கள், இரண்டு பேரும் வாயைத் திறக்க மாட்டார்கள். முதலீட்டாளரையும் வங்கி மேலாளரையும் இந்தச் சிறு குழுக்களில் சேர்க்கவே வேண்டாம். அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தால், தொழில் அமோகமாக நடப்பதாகத்தான் எல்லோரும் சொல்வார்கள்.

வாரம் ஒரு அழைப்பு, 40 நிமிடம், அதற்கு மேல் கூடாது. இரண்டு பேருக்குத் தலா 15 நிமிடம்: ஐந்து நிமிடத்தில் அவர் சிக்கலைச் சொல்ல வேண்டும், பத்து நிமிடம் மற்றவர்கள் வழி சொல்ல வேண்டும். மீதி நேரத்தில், அடுத்த வாரத்துக்குள் யார் யாருக்கு என்ன செய்து தருவது என்று முடிவு செய்து கூகுள் ஷீட்டில் எழுதிவிடுங்கள். பெயர், என்ன தேவை, என்ன தர முடியும், எந்தத் தேதிக்குள் என்று நான்கு நெடுவரிசை போதும். “பேக்கிங் கவர் 500 தேவை, குறைந்தபட்ச ஆர்டர் 5,000 என்கிறார்கள்” என்று ஒருவர் எழுதினால், அதே கவர் வாங்கும் இன்னொருவர் சேர்ந்து ஆர்டர் போடுவார். வாழ்த்துச் செய்தியில் இது நடக்காது.

நாற்பது பேரும் சேரும் ஜூம் கூட்டம் மாதம் ஒன்று போதும். பாஸ்கோடும் காத்திருப்பு அறையும் கட்டாயம். திரை பகிர்வதை நடத்துநருக்கு மட்டும் விடுங்கள். அரசுத் துறைகளும் கல்லூரிகளும் நடத்தும் வெபினார் போல நடத்திவிடாதீர்கள். வரவேற்புரை, வாழ்த்துரை, தலைமையுரை என்று ஒன்றரை மணி நேரம் போகும். பங்கேற்பாளர் மைக் எல்லாம் அடைத்திருக்கும். கேட்ட கேள்விகள் சாட் பெட்டியிலேயே கிடக்கும், கடைசியில் மின் சான்றிதழ் மட்டும் வந்து சேரும்.

இனி அந்த 230 பேர் குழு. உங்கள் கூட்டமோ 40 பேர்; மீதி 190 பேர் யார்? அழைப்பு லிங்கை எங்கோ பொதுவில் போட்டிருக்கிறீர்கள். குழு விவரத்துக்குள் போய் லிங்கை இன்றே ரீசெட் செய்யுங்கள். அட்மின் மட்டும் பதிவிடலாம் என்று அமைப்பை மாற்றி, அதை அறிவிப்புப் பலகையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். புதியவர் சேர கூகுள் ஃபார்ம், ஏற்கெனவே உள்ள ஒருவரின் பரிந்துரை, பிறகு அட்மின் கையால் சேர்ப்பது.

இவ்வளவு கறார் எதற்கு? அந்த 190 பேரில் தரகர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். சிறு, குறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவுக்கு 1,500, 3,000 என்று வாங்குகிறவர்கள் உண்டு. 2020 ஜூலை 1 முதல் நடக்கும் அந்தப் பதிவுக்குக் கட்டணமே கிடையாது. ஆதாரும் பான் எண்ணும், ஜிஎஸ்டி கட்டாயமான தொழிலென்றால் ஜிஎஸ்டி எண்ணும் போதும், எந்த ஆவணத்தையும் பதிவேற்ற வேண்டியதில்லை. அரசுத் தளம் போலவே முகப்பு வைத்துக்கொண்டு, கடைசிப் பக்கத்தில் பணம் கேட்கும் தனியார் தளங்களில்தான் பலர் மாட்டுகிறார்கள். முகவரி ஜிஓவி டாட் இன் என்று முடிகிறதா என்று பாருங்கள். தடுமாறினால் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போன் செய்யுங்கள், உதவுவது அவர்கள் கடமை. போனை எடுக்கும்வரை அடிக்க வேண்டும், அது தனிக் கதை.

தரகர்களுக்குப் புதிதாகக் கிடைத்தது ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதி, அதாவது புதுத் தொழிலுக்கு அரசு தரும் ஆரம்பப் பணம். 945 கோடி ரூபாய்த் திட்டம், 2021 ஏப்ரலில் தொடங்கியது. “20 லட்சம் மானியம் வாங்கித் தருகிறேன், ஐந்து சதவீதம் கமிஷன்” என்று செய்தி வந்தால் அனுப்பியவரை உடனே நீக்குங்கள். பணத்துக்கு உரியவரைத் தேர்ந்தெடுப்பது இன்குபேட்டர், அதாவது புதுத் தொழில்களை வளர்த்துவிடும் மையம். மூன்று இன்குபேட்டர்கள் வரை நீங்களே விருப்பம் தரலாம். அவர்களும் கட்டணம் வாங்கக்கூடாது.

இங்கே எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. விதை நிதிக்கு மத்திய அரசின் தொழில் வளர்ச்சித் துறையான டிபிஐஐடியின் ஸ்டார்ட்அப் அங்கீகாரம் வேண்டும். தனி உரிமையாளர் தொழிலுக்கு அந்த அங்கீகாரம் கிடைக்காது. உத்யம் சான்று கிடைக்கும், ஜிஎஸ்டி எண் கிடைக்கும், வங்கிக் கணக்கும் கிடைக்கும். இது மட்டும் கிடைக்காது. பிரைவேட் லிமிடெட், எல்எல்பி (வரம்புள்ள பொறுப்புக் கூட்டாண்மை), பதிவு செய்த கூட்டு நிறுவனம், இந்த மூன்றுக்கு உண்டு. “பதிவு செய்த” என்ற சொல்லைக் கவனியுங்கள். முத்திரைத்தாளில் எழுதி நோட்டரியிடம் கையெழுத்து வாங்கிய பத்திரம் பதிவாகாது. கூட்டு நிறுவனப் பதிவாளரிடம் (Registrar of Firms) பதிந்திருக்க வேண்டும். உங்கள் குழுவில் பாதிப் பேர் தனி உரிமையாளராகத்தான் இருப்பார்கள். இதைச் சொல்லாமல் கோப்புக் கட்டணம் வாங்கிக்கொண்டு, மூன்று மாதம் கழித்து “ரிஜெக்ட் ஆயிடுச்சு சார்” என்பதுதான் தரகர் பிழைப்பு.

ஆப் விற்க வந்தவரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள். உறுப்பினர் பட்டியலை எப்போது வேண்டுமானாலும் எக்ஸெலில் எடுத்துக்கொள்ள முடியுமா? அடுத்த ஆண்டு சந்தா கட்டாவிட்டால் எங்கள் தகவல் என்ன ஆகும்? இப்படி விற்கப்படுபவற்றில் பல, பெயரையும் லோகோவையும் மட்டும் மாற்றிய ஆயத்த ஆப்கள். உறுப்பினர் பட்டியல், ஆப் விற்றவரின் சர்வரில் இருக்கும். 40 தொழில்முனைவோரின் போன் எண்ணை அவர் ஒரே கோப்பில் பிடிப்பதற்கு நீங்களே 35,000 கொடுக்கிறீர்கள்.

கடைசியாக, மூன்று வாரம் சத்தமே இல்லாதவர்கள். ஐந்து பேர் பொறுப்பேற்று ஆளுக்கு எட்டு எண் பிரித்துக்கொள்ளுங்கள். மெசேஜ் வேண்டாம், போன் பேசுங்கள். “பிசினஸ் எப்படிப் போகுது?” என்று தொடங்காதீர்கள், இந்த மாதம் அதற்குப் பதில் சொல்ல முடியாதவர்தான் ஒதுங்கியிருக்கிறார். வீட்டில் எல்லோரும் நலமா என்று கேளுங்கள். சம்பளம் போட முடியவில்லை, வீட்டில் கொரோனா என்று அவர் சொன்னால், அவர் சம்மதமில்லாமல் அவர் பெயரைப் போட்டுக் குழுவில் உதவி கேட்காதீர்கள். அடுத்த வாரம், முதலில் பேசிய அதே பொறுப்பாளர் அதே எண்ணிலிருந்து அவரை மறுபடி கூப்பிட வேண்டும்.